பால்சா கிட்டில் சீபிளேன்: அடிக்கு எதைப் பூசுவது, மதுரைப் பக்கம் எங்கே இறக்குவது?

கேட்டவர்: காயில்கடைக்காரன், ஒத்தக்கடை

வணக்கம் நண்பர்களே. ஒத்தக்கடையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். போர் மோட்டார், மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எது வந்தாலும் பார்ப்பேன். கம்பியும் வார்னிஷும் கைக்குப் பழகியவை. மரவேலை பழக்கமில்லை. அதனால்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

என்னிடம் ரிமோட்டில் பறக்கும் ஃபோம் டிரெய்னர் (பழகுவதற்கான மாதிரி விமானம்) ஒன்று இருக்கிறது. மேலூர் ரோட்டில் தெரிந்தவர் தரிசில் பறக்கவிட்டு, ஏற்றவும் இறக்கவும் ஓரளவு கை வந்துவிட்டது. 2024 நவம்பரில் கொச்சியிலிருந்து கிளம்பிய சீபிளேன் (தண்ணீரில் இறங்கி ஏறும் விமானம்) மூணாறு மாட்டுப்பெட்டி அணையில் சோதனையாக இறங்கியதே, அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து எனக்கும் என் மகனுக்கும் தண்ணீர்ப் பைத்தியம் பிடித்துவிட்டது. சிங்கப்பூர் மச்சானிடம் சொல்லி ஒரு பால்சா கிட் வரவழைத்தோம். லேசரில் வெட்டிய பால்சா (மிக இலேசான மரம்), கொஞ்சம் மெல்லிய பிளைவுட், ஒரு பெரிய வரைபடம், அவ்வளவுதான் பெட்டியில். மோட்டார், சர்வோ (வால், இறக்கைப் பலகைகளை அசைக்கும் குட்டி மோட்டார்), மேலே ஒட்டும் ஃபிலிம் எல்லாம் நம் பாடு.

இறக்கை முனைக்கு முனை 1.4 மீட்டர். சாதா விமானத்துக்கு அடியில் இரண்டு மிதவை மாட்டிய ரகம் இல்லை, உடம்பே படகு. இறக்கைக்கு மேலே ஒரு கம்பத்தில் மோட்டார். இறக்கை முனைகளில் குட்டி மிதவைகள். எல்லாம் சேர்த்து 1.4 கிலோவுக்குள் நிற்க வேண்டும் என்று வரைபடத்தில் போட்டிருக்கிறது.

ஃபார்மர்களை (உடம்புக்கு உருவம் கொடுக்கும் குறுக்குச் சட்டங்கள்) நிறுத்திப் பக்கப் பலகைகளை ஒட்டியாயிற்று. அடியை இன்னும் மூடவில்லை. இங்கேதான் சந்தேகம். ஃபைபர் வேலை செய்யும் கடையில் கேட்டேன். "தொட்டிக்குப் போடுகிற மாதிரி மேட் போட்டு ரெசின் அடித்துவிடுங்கள், ஆயுசுக்கும் ஒழுகாது" என்றார். ஆயுசுக்கும் ஒழுகாது, சரி. பறக்குமா?

இதுவரை பெரும்பாலும் பெவிக்விக்கில்தான் ஒட்டியிருக்கிறேன். தண்ணீரில் விட்டுவிடுமா? அடி மூடும்போது வேறு பசை போட வேண்டுமா? அப்புறம், இதை எந்தக் கண்மாயில் விடுவது? மதுரையைச் சுற்றித் தண்ணீர் விமானம் விட்டவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வீட்டு இஸ்திரிப் பெட்டியை ஃபிலிம் ஒட்ட எடுத்துக்கொண்டதில் ஏற்கனவே கொஞ்சம் மனஸ்தாபம் இருக்கிறது. விமானம் முதல் நாளே மூழ்கினால் வீட்டில் தலைகாட்ட முடியாது.


பதில்: உசிலை ஃபோம்

எதற்கு அண்ணே இந்த வம்பு? ஃபோமில் வெட்டி ஒட்டினால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் விமானம் ரெடி. தண்ணீர் குடிக்காது, உடைந்தாலும் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளலாம். 2017ல் வைகை அணையில் தெர்மாகோலை மிதக்கவிட்டு உலகத்துக்கே காட்டியவர்கள் நாம், நமக்கு பால்சா எதற்கு?


பதில்: பழைய வொர்க்‌ஷாப் வாத்தியார்

உசிலைத் தம்பி, அந்தத் தெர்மாகோலைக் காற்று கரைக்குத் தள்ளிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிதப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. தண்ணீரை விட்டுக் கிளம்புவதுதான் காரியம். ஃபோமிலும் நல்ல சீபிளேன் வரும், மறுக்கவில்லை. ஆனால் கிட்டை வாங்கி ஃபார்மர் நிறுத்தியவரிடம் போய் ஃபோம் வாங்கு என்பது, பொண்ணு பார்த்து நிச்சயம் செய்தவனிடம் வேறு ஜாதகம் நீட்டுகிற கதை.

காயில்கடைத் தம்பி, அடியை மூடுவதற்கு முன்னால் கேட்டீர்கள் பாருங்கள், அது நல்லதாகப் போயிற்று. சொல்ல வேண்டியதில் பாதி, மூடுவதற்கு முன்னால் செய்யும் வேலை.

அந்த மேட் வேண்டவே வேண்டாம். கடையில் கிடைப்பது 300, 450 என்று எண் சொல்லும் முரட்டு மேட். 450 என்றால் சதுர மீட்டருக்கு 450 கிராம். உங்கள் படகின் அடியும் பக்கங்களும் கால் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேட் மட்டும் 110 கிராம் தாண்டும். அது தன் எடையைப் போல இரண்டு மடங்கு ரெசின் குடிக்கும். மொத்தம் 340 கிராம் ஆயிற்று. 1.4 கிலோ விமானத்தில் கால் பங்கு எடையைத் தோலுக்கே கொடுத்துவிட்டு, பிறகு மோட்டாரைக் குறை சொல்லி என்ன பயன்?

உங்களுக்கு வேண்டியது சதுர மீட்டருக்கு 25 கிராம் இருக்கும் கண்ணாடி இழைத் துணி. கையில் எடுத்தால் மல் துணியைவிட மெலிசு. அதே கால் சதுர மீட்டருக்குத் துணி 6 கிராம், எபாக்சி ஒரு 15 கிராம். இருபது கிராம் சொச்சத்தில் வேலை முடியும். பால்சாவைத் தண்ணீரிலிருந்து காப்பாற்ற அது போதும். நகம் பட்டால் பள்ளம் விழும் மரத்துக்கு மேல்தோல் கெட்டியாகவும் ஆகிவிடும். இந்தத் துணி ஆர்.சி. (ரேடியோவில் ஓட்டும் மாதிரி விமானம்) சாமான் விற்கும் ஆன்லைன் கடைகளில் கிடைக்கும். நம்மூர் ஃபைபர் கடைகளில் நான் பார்த்ததில்லை.

ஒட்டுவதற்கு மெதுவாக இறுகும் எபாக்சி. ஐந்து நிமிட அரால்டைட் அவசரத்துக்கு ஆகும், தண்ணீர் நிற்கும் இடத்துக்கு ஆகாது. மெதுவாக இறுகுவதுதான் தண்ணீரைத் தாங்கும். நம்மூர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். சூடு 10 டிகிரி ஏறினால் எபாக்சி இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். 25 டிகிரியில் அரை மணி நேரம் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருப்பது, சித்திரை மாத மதியத்தில் பத்து நிமிடத்தில் கட்டிக்கொள்ளும். விடிகாலையில் செய்யுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கி, கப்பில் வைக்காமல் தட்டையான தட்டில் பரப்பி வைத்துக்கொள்ளுங்கள். கப்பில் குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும்.

எபாக்சி வாடை வீட்டில் ஆகாது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பெயிண்ட் கடையில் மரத்துக்கு அடிக்கும் தண்ணீர் கலக்கிற பி.யு. வார்னிஷ் கிடைக்கும். துணியை மரத்தின் மேல் உலர்ந்தபடியே விரித்து, அதன் மேல் பிரஷால் பூசினால் ஊடுருவிப் பிடித்துக்கொள்ளும். காய்ந்ததும் லேசாகத் தேய்த்து, இன்னும் இரண்டு மூன்று கோட். எபாக்சி அளவுக்குக் கெட்டி வராது. ஆனால் இலேசு, வாடையும் குறைவு. இஸ்திரிப் பெட்டி விவகாரத்தைப் பார்த்தால் உங்களுக்கு இதுதான் தோது என்று படுகிறது.

பெவிக்விக் ஒட்டுகள் இருக்கட்டும், பிரிக்க வேண்டாம். உள்பக்கம் ஒவ்வொரு மூலையிலும் எபாக்சியை ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடிப் பலகையை எபாக்சியிலோ, ஃபெவிகாலில் மரைன் என்று தண்ணீர் தாங்கும் ரகம் வருகிறதே, அதிலோ ஒட்டுங்கள். சாதா வெள்ளைப் பசை தண்ணீரில் ஊறினால் மறுபடி பாலாகிவிடும்.

இப்போது மூடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. எவ்வளவு பூசினாலும் உள்ளே தண்ணீர் போகும். மூடி வழியாகப் போகும், இறக்கை போல்ட் ஓட்டை வழியாகப் போகும், எங்கே என்று தெரியாமலும் போகும். பால்சா முழுக்கச் சின்னச் சின்னக் குழாய் மாதிரி நார். வெட்டு முனை தண்ணீரை உறிஞ்சுவதைப் பார்த்தால் பயமாக இருக்கும். அதனால் உள்பக்கமும் ஒரு கோட் மெலிசாகப் பூசுங்கள், ஃபார்மர்களின் வெட்டு முனைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

அடுத்து, ஒவ்வொரு ஃபார்மரின் அடியிலும் அரை வட்டமாகச் சின்ன ஓட்டை வெட்டுங்கள். பென்சில் நுழைந்தால் போதும். உள்ளே வந்த தண்ணீர் ஒவ்வொரு அறையிலும் தேங்கி நிற்காமல் ஒரே இடத்துக்கு வடியும். அங்கே ஒரு வடிகால் ஓட்டை, அதற்கு ரப்பர் அடைப்பு. ஒவ்வொரு தடவை கரைக்கு வந்ததும் மூக்கைத் தூக்கி வடித்துவிட்டுத்தான் மறுபடி விட வேண்டும். 100 மில்லி தண்ணீர் என்றால் 100 கிராம். அது உள்ளே சும்மா கிடக்காது. நீங்கள் எலிவேட்டரை (வாலில் இருக்கும், மூக்கை ஏற்றி இறக்கும் பலகை) இழுத்து மூக்கைத் தூக்கியதும் அத்தனையும் வாலுக்கு ஓடும். வால் கனத்து, மூக்கு இன்னும் மேலே போய், விமானம் தொப்பென்று விழும். ரேடியோ கோளாறு என்று பலர் சொல்லும் விழுகைகளில் இது எத்தனையோ.

கடைசியாக, நான் சொல்ல வந்ததே இதைத்தான். படகின் அடியில் நடுவில் ஒரு வெட்டு இருக்கும் பாருங்கள், ஸ்டெப் என்று வரைபடத்தில் போட்டிருக்கும். அதன் முனை கத்தி மாதிரி இருக்க வேண்டும். துணி போடுபவர்கள் எல்லோரும் இங்கேதான் கெடுப்பார்கள். துணி வளைந்து படிய வேண்டும் என்று முனையை அழகாக உருட்டித் தேய்த்துவிடுவார்கள். வீட்டில் வைத்துப் பார்க்க நன்றாக இருக்கும். தண்ணீரில் போட்டால் கண்மாய் முழுக்க மோட்டார் படகு மாதிரி ஓடும், எழும்பாது.

காரணம் தெரிய வேண்டுமென்றால் சமையலறைக் குழாயைத் திறந்து, விழுகிற தண்ணீரில் ஒரு கரண்டியின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளாது, உள்ளே இழுக்கும். வளைந்த பரப்பில் தண்ணீர் ஒட்டிக்கொண்டே போவதால் வருகிற இழுப்பு அது. படகின் அடி பின்பக்கமாக வளைந்து ஏறும்போது இதே இழுப்பு விமானத்தைக் கீழே பிடித்து வைக்கும். கூர்மையான ஸ்டெப் வந்ததும் தண்ணீர் அங்கேயே அறுபட்டு, பின்பாதிக்கு அடியில் காற்று புகுந்துவிடும். அப்புறம் முன்பாதி மட்டும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வழுக்கும். 1912ல் அமெரிக்காவில் கர்டிஸ் கட்டிய முதல் பறக்கும் படகு தண்ணீரை விட்டு எழவே இல்லை. அதே வருடம் அடியில் ஸ்டெப் வைத்துக் கட்டியதுதான் எழுந்தது.

அதனால் துணியை ஸ்டெப் வரைக்கும் ஒரு துண்டு, அதற்குப் பின்னால் ஒரு துண்டு என்று தனித்தனியாகப் போடுங்கள். முனையைத் தாண்டி வளைத்துக் கொண்டுபோகாதீர்கள். காய்ந்த பிறகு முனை ஓரமாக எபாக்சியில் மைக்ரோபலூன் (நுண்ணிய குமிழ்ப் பொடி) கலந்து ஒரு வரப்பு கட்டி, தட்டையான கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தால் கூர் வந்துவிடும். அடியும் பக்கமும் சேரும் நீள ஓரத்துக்கும் இதே கதைதான். அது உருண்டால் தெறிக்கும் தண்ணீர் பக்கவாட்டில் போகாமல் மேலே ஏறி ப்ரொப்பெல்லரில் அடிக்கும்.

இன்னொரு அளவு. விமானத்தின் எடை மையம் ஸ்டெப்புக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். எடை மையத்திலிருந்து ஸ்டெப் முனைக்குக் கோடு இழுத்தால் அது செங்குத்திலிருந்து 10 முதல் 15 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். மையம் அடியிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் இருந்தால் ஸ்டெப் ஏறக்குறைய இரண்டரை செ.மீ. பின்னால். கிட் செய்தவர் பார்த்துத்தான் வைத்திருப்பார். ஆனால் பேட்டரியை இடம் மாற்றி மையத்தை நகர்த்துவது நீங்கள்தானே.


காயில்கடைக்காரன்

ஐயா, மிக்க நன்றி. குழாயில் கரண்டி வைத்துப் பார்த்துவிட்டேன். மகன் அதோடு நிற்காமல் வீட்டிலுள்ள கரண்டி எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தான். ஃபார்மர் ஓட்டை இன்று இரவு வெட்டிவிடுவேன்.

மோட்டார் பற்றி என் கணக்கைச் சொல்கிறேன், சரியா பாருங்கள். தரையில் ஓடும் டிரெய்னருக்குக் கிலோவுக்கு 220 வாட் என்று வைத்தால் சௌகரியமாகப் பறக்கிறது. தண்ணீர் இழுப்புக்குக் கூடுதல் வேண்டுமே என்று 300 வைத்தேன். 1.4 கிலோவுக்கு 420 வாட். மூன்று செல் லிப்போ பேட்டரியின் 11.1 வோல்ட்டில் 38 ஆம்பியர் வருகிறது. நான்கு செல்லுக்குப் போனால் 28 ஆம்பியர். காயில் கட்டுபவன் கண்ணுக்கு இரண்டாவதுதான் நல்லது. ஆம்பியர் குறைந்தால் கம்பியில் சூடு அதன் வர்க்கத்தில் குறையும். நான்கு செல்லுக்குத் தோதான கேவி (ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற அளவு) உள்ள மோட்டாராகப் பார்த்து வாங்கிவிடலாமா?

மோட்டார் நனைவதைப் பற்றி எனக்குப் பயமில்லை. சப்மெர்சிபிள் மோட்டாருக்குள் தண்ணீரை நிரப்பியேதான் ஓட்டுகிறோம். அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி, இதற்கு எனாமல் கம்பி, அது வித்தியாசம்தான். எனாமல் நன்றாக இருந்தால் நல்ல தண்ணீரில் முங்கி எழுந்ததற்கெல்லாம் காயில் போகாது. பேரிங்தான் துரு பிடிக்கும். காய வைத்து இரண்டு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டால் போதும். எனக்குப் பயம் ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு), ரிசீவர், சர்வோ மேல்தான். நம் வார்னிஷை அதில் தடவலாமா?

அப்புறம், மோட்டார் அவ்வளவு உயரத்தில் இருக்கிறதே, திராட்டில் கொடுத்து மோட்டார் வேகத்தைக் கூட்டியதும் மூக்கைக் கீழே அழுத்தாதா?


பதில்: மேலூர் கலுங்கு

அண்ணே, இடம் பற்றி நான் சொல்கிறேன். மற்றதை வாத்தியார் பார்த்துக்கொள்வார்.

முதலில் எங்கெல்லாம் கூடாது. ஏர்போர்ட் தெற்கே இருப்பதால் அவனியாபுரம், நிலையூர், சாமநத்தம் பக்கத்துக் கண்மாய்களை மறந்துவிடுங்கள். 2021 ட்ரோன் விதிகள் நம் ஆர்.சி. விமானத்துக்கும் சேர்த்துத்தான். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கி.மீ.க்குள் என்றால் அனுமதி இல்லாமல் விடக்கூடாது. 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்குக் கீழே இருந்துகொள்ள வேண்டும். அதைத் தாண்டினால் 400 அடி. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் கண்மாய் பச்சையில் (அனுமதி கேட்காமல் விடக்கூடிய பகுதி) இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வண்டியூர் கண்மாய் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். கரையில் நடக்கிற கூட்டத்தைப் பார்த்தால் ஆசை போய்விடும். மாரியம்மன் தெப்பக்குளத்தை யாரும் இங்கே பேச்சுக்குக்கூட எடுக்க வேண்டாம். நடுவில் மைய மண்டபம், சுற்றிக் கல் சுவர், சாமி தெப்பம் சுற்றும் இடம்.

உங்களுக்கு ஒத்தக்கடையிலிருந்து வடக்கே வருவதுதான் தோது. மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்த் தண்ணீர் வரும் கண்மாய்கள் எத்தனையோ. ஒரு நாள் பைக்கில் சும்மா வந்து சுற்றிப் பாருங்கள். ஆகாயத்தாமரை மூடாமல், காற்றடிக்கும் திசையில் நீளமாக 150 மீட்டராவது திறந்த தண்ணீர் இருக்க வேண்டும். மின்கம்பி கரையை ஒட்டிப் போகக்கூடாது. நிறையக் கண்மாய்களுக்குள் சமூகக் காடு என்று முன்பு வைத்த கருவேல மரங்கள் நிற்கும். வெட்டியிருந்தாலும் அடிக்கட்டை தண்ணீருக்குள் இருக்கும், வெளியே தெரியாது. தண்ணீர் வற்றிய மாதத்தில் வந்து எங்கே என்ன நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் பால்சாவுக்கு நல்லது.

கண்மாய் சும்மா கிடக்கிறது என்று நினைக்காதீர்கள். மீன் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர் இருப்பார். அவரிடம் முதலில் சொல்லுங்கள். விமானம் விடுகிறேன் என்றால் முதலில் ஒரு மாதிரி பார்ப்பார், பிறகு பேரனைக் கூட்டிக்கொண்டு அவரே வருவார். வலை எங்கே விரித்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். பிளாஸ்டிக் பாட்டில் வரிசையாக மிதந்தால் கீழே வலை இருக்கிறது. கொக்கும் நாரையும் கூடு கட்டியிருக்கும் கண்மாய் என்றால் வேறு கண்மாய் பாருங்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில் நிறைந்த பிறகு தை, மாசியில் காலை நேரம்தான் காலம். ஆடியில் வந்தால் தண்ணீரும் இருக்காது, காற்றும் விடாது.

விமானம் நடுத்தண்ணீரில் நின்றுவிட்டால் நீந்திப் போக வேண்டாம், இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கரம்பை அள்ளிய குழிகள் எங்கே இருக்கின்றன என்று ஊர்க்காரனுக்கே தெரியாது. இடுப்பளவு நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த அடியில் ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கும், கீழே சகதி. தூண்டில் நரம்பின் நுனியில் ஒரு பந்தைக் கட்டி, விமானத்தைத் தாண்டி எறிந்து மெல்ல இழுக்கலாம். இல்லையென்றால் காற்றுக்கு விட்டுவிட்டு எதிர்க்கரையில் போய் உட்காருங்கள், தானே வரும். மகனைக் கூட்டி வருவதால் லைஃப் ஜாக்கெட் ஒன்று வண்டியில் கிடக்கட்டும்.


பழைய வொர்க்‌ஷாப் வாத்தியார்

கலுங்குத் தம்பி சொன்னதற்கு மேல் இடம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சீபிளேன் நம் பக்கத்துக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேடலினா பறக்கும் படகுகள் நின்றன. 240ஆவது ஸ்குவாட்ரன். இன்று அது குடிதண்ணீர் ஏரி.

காயில்கடைத் தம்பி, மோட்டார் விஷயத்தில் நான் உங்களிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். நான்கு செல் கணக்கு சரி. ப்ரொப்பெல்லர் மட்டும் தண்ணீருக்கும் இறக்கைக்கும் முட்டாத அளவா என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு மோட்டார் வாங்குங்கள்.

ஈ.எஸ்.சி.க்குக் காயில் வார்னிஷ் வேண்டாம். அது பெரும்பாலும் அடுப்பில் வைத்துக் காய வேண்டிய சரக்கு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் போர்டுக்குப் பூசும் கோட்டிங் கேட்டால் கொடுப்பார்கள். கனெக்டர் முனைகளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரிசீவரை ஒரு பலூனுக்குள் போட்டு வாயை ஒயரோடு சேர்த்துக் கட்டி, உடம்பின் மேல்பகுதியில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் தண்ணீருக்குள் போகாது, ஆன்டெனா முங்கினால் தொடர்பு போயிற்று. அப்போது மோட்டார் தானே நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்தாக வேண்டும். பல ரேடியோக்களில் அதை நாமேதான் செட் செய்ய வேண்டும், பெட்டியிலிருந்து வரும்போது இருக்காது. சர்வோ மூடியின் இணைப்பில் சிலிக்கான் ஒரு கோடு, தண்டில் கொஞ்சம் கிரீஸ். பேட்டரி மூடியைச் சுற்றி மெத்து டேப்பை ஒட்டி, அழுத்தி மூடும்படி செய்யுங்கள்.

மூக்கை அழுத்தாதா என்று கேட்டீர்கள். அழுத்தும். தரை விமானத்தில் பழகிய கைக்கு இதுதான் முதல் நாள் ஆச்சரியம். திராட்டிலைக் கொடுத்தால் மூக்கு குனியும், குறைத்தால் நிமிரும். வரைபடத்தில் மோட்டார் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் அது இதைக் குறைக்கத்தான். நேராக்கிவிடாதீர்கள். தண்ணீரில் கிளம்பும்போது எலிவேட்டரை முழுசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, திராட்டிலை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். ஒரே தள்ளாகத் தள்ளினால் மூக்கைத் தண்ணீரில் குத்தும். கொஞ்ச தூரம் மூக்கைத் தூக்கிக்கொண்டு உழுதுகொண்டு போகும். பிறகு ஸ்டெப்பில் ஏறி வழுக்க ஆரம்பித்தது கண்ணுக்கே தெரியும், தெறிப்பு குறைந்து வேகம் சட்டென்று கூடும். அந்த நேரம் எலிவேட்டரைத் தளர்த்த வேண்டும். தளர்த்தாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் வேகம் போதாமல் எழும்பித் திரும்ப விழும், அல்லது தவளை மாதிரி குதிக்க ஆரம்பிக்கும். குதித்தால் திராட்டிலைக் குறைத்து, நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. அடக்கப் பார்க்காதீர்கள்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்கும் நாளைவிட, சின்ன அலை இருக்கும் நாள் நல்லது. அலை இருந்தால் அடியில் காற்று புகுந்து சீக்கிரம் பிரியும். இறக்கும்போதும் கண்ணாடித் தண்ணீரில் உயரம் தெரியாது. கொஞ்சம் திராட்டில் விட்டுவைத்து, மூக்கு லேசாக நிமிர்ந்தபடி ஸ்டெப் முதலில் தொடுகிற மாதிரி இறக்குங்கள். திரும்பும்போது மெதுவாக. காற்று பக்கவாட்டில் அடித்தால், காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி வையுங்கள். முனை மிதவை இருப்பது சாய்ந்தால் தாங்கத்தான், காற்று வரும் பக்கத்து இறக்கைக்கு அடியில் காற்று புகுந்துவிட்டால் மிதவையால் ஒன்றும் செய்ய முடியாது.

25 கிராம் துணி என்னிடம் மீதி இருக்கிறது. உங்கள் படகுக்குப் போதும். நானும் மேலூர் ரோட்டில்தான் இருக்கிறேன், தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன். ஆன்லைனில் காசு செலவழிக்க வேண்டாம். வரும்போது ஒரு வேலை இருக்கிறது. வீட்டு கிரைண்டர் மோட்டார் உறுமுகிறது, கல் சுற்ற மாட்டேன் என்கிறது.


காயில்கடைக்காரன்

ஐயா, சனிக்கிழமை பட்டறையைச் சீக்கிரம் மூடிவிட்டு வருகிறேன். உறுமினால் பாதி நேரம் கண்டென்சர்தான், காயில் வரைக்கும் போகாது. டேபிள் டாப்பா, பழைய பெரிய கல் கிரைண்டரா என்று மட்டும் சொல்லுங்கள். அதற்குத் தகுந்த கண்டென்சரைக் கையோடு எடுத்துக்கொண்டு வருகிறேன். ஹல்லையும் (படகு உடம்பு) கொண்டு வரவா? ஸ்டெப் முனையை நீங்கள் ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் அடியை மூடலாம்.


பழைய வொர்க்‌ஷாப் வாத்தியார்

டேபிள் டாப், 2 லிட்டர். ஹல்லைக் கொண்டு வாருங்கள். மகனையும் கூட்டி வாருங்கள், உப்புத்தாள் பிடிக்க ஆள் வேண்டும்.